குதிகால் பிடிக்க ஓர் ஆள்

வாடைக்காற்று அன்றைக்கு நல்லபிள்ளையாக அடங்கிக் கிடந்தது. ஆனால் நீர் வற்றும் நேரம். தங்கிலான் தீவுக்கு வந்த படகு கரைக்கு இருநூறடி முன்னாலேயே தரைதட்டிவிட்டது. பெலிசா கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். ஒரு கையில் செருப்பு, மறு கையில் ஐந்து கிலோ அரிசிப் பை, முதுகில் அளவுப் பலகை. ஆளை நிற்கவைத்து உயரம் பார்க்கிற மரச்சாமான் அது. மடக்கிக் கட்டினால் கைக்குழந்தையின் சவப்பெட்டி போலிருக்கும். தீவுக்காரர்கள் அதைப் பெட்டி என்றே சொல்வார்கள்.

கடற்பாசி வளர்க்கிற கயிறுகளுக்கு நடுவே தொடையளவு நீரில் நின்றிருந்த ஏமோங் நிமிர்ந்து பார்த்தான்.

"என்ன மேடம், பெட்டியோட வந்துட்டீங்க! இந்தத் தடவை யாரை அடக்கம் பண்ணப் போறோம்?"

"வந்து படுத்துப் பாரு. நீளம் சரியா இருந்தா உன்னையே."

வழக்கமாக அவன் இதற்கு இன்னொன்று சொல்வான். இன்றைக்குச் சிரித்துவிட்டுக் கயிற்றைப் பார்க்கக் குனிந்துகொண்டான். "போங்க, நெனிதா வீட்லதான் இருக்கா. ஜோவலினும் இருக்கா" என்றான். மகள் பெயருக்கு முன்னால் ஒரு மூச்சு நேரம் தயங்கினான். அப்போது பெலிசா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் செபு நகரத்து ஆராய்ச்சி அலுவலகம் ஒன்று, எட்டு வயதுப் பிள்ளைகளாகப் பார்த்து நூற்றெண்பது பேரைக் கணக்கெடுத்தது. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அதே பிள்ளையைத் தேடிப் போக வேண்டும். எத்தனை வேளை சாப்பிடுகிறாய், யார் அடித்தார்கள், பள்ளிக்கூடத்தை ஏன் விட்டாய், கஷ்டம் வந்தால் யாரிடம் போவாய் என்று கேட்டு எழுதி, அந்த வீட்டுக்கு ஐந்து கிலோ அரிசி கொடுத்துவிட்டு வர வேண்டும். எந்தப் பிள்ளை எங்கே தடுக்கி விழுகிறது, விழுந்ததில் எது எழுந்து நடக்கிறது, எதைப் பிடித்துக்கொண்டு எழுந்தது என்று தெரிந்துகொள்ளத்தான் இவ்வளவும். அதில் அறுபத்தொரு பிள்ளைகள் பெலிசாவின் பொறுப்பு. பிள்ளைகளுக்கு இப்போது இருபது வயது. இது கடைசிச் சுற்று. ஆளைக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் பெயருக்கு நேரே 'தொடர்பு அறுந்தது' என்று எழுதி மூடிவிட வேண்டும். பெலிசா இதுவரை ஒரு பெயருக்கு நேரேயும் அப்படி எழுதியதில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

வீடு கடலோரத்தில் மரக்கால்கள் மேல் நின்றது. அதன் அடிநிழலில் உட்கார்ந்து நெனிதா பாசி விதைகளை நாரில் முடிந்து கயிற்றில் கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கைப்பிடி, ஒரு முடிச்சு, அடுத்த கைப்பிடி. பக்கத்தில் ஒதுக்கிய குவியலில் பாதி வெளுத்துக் கிடந்தது.

"பாசிக்கு ஐஸ் நோய் வந்திருச்சா?" என்றாள் பெலிசா.

"போன மாசம் தண்ணி வெந்நீர் மாதிரி ஆயிடுச்சு மேடம். தொட்டா உடையுது. இந்த மனுஷன் கயித்தைத் தூக்கிப் பாத்துட்டு, 'வெள்ளை முடி வந்திருச்சு, பாசிக்கும் வயசாயிடுச்சு'ன்னு சிரிக்கிறாரு. சிரிச்சா வயிறு நெறையுமா? இருங்க, கூப்பிடுறேன். ஜோவலின்! அடியே ஜோவலின்! மேடம் வந்திருக்காங்க!"

மூன்றாவது கூப்பாட்டுக்குத்தான் பெண் ஏணியில் இறங்கி வந்தாள். தலைசீவி, பூசைக்குப் போடுகிற சட்டை போட்டிருந்தாள். பெலிசா அவளைக் கடைசியாக நேரில் பார்த்தது பதினாலு வயதில். பதினேழு வயதுச் சுற்று, கொள்ளைநோய்க் காலமென்பதால் தொலைபேசியிலேயே முடிந்துவிட்டது. அதே அகன்ற நெற்றி, அதே தூக்கிய மூக்கு. ஆறு வருஷத்தில் இப்படித்தான் ஆகியிருப்பாள் என்று பெலிசாவின் கண் தானாகவே கணக்கை நேர் செய்துகொண்டது.

கேள்வி கேட்கும்போது பக்கத்தில் யாரும் இருக்கக்கூடாது என்பது விதி. இரண்டு பேரும் கவிழ்த்துப் போட்ட படகின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தார்கள்.

"'வாழ்க்கை என்னைச் சாய்த்தால் மீண்டும் நிமிர்வேன்.' எப்பவும், சில நேரம், ஒருபோதும் இல்ல. இதுல எது?"

"எப்பவும்."

"'என் மனக்கஷ்டத்தைப் பகிர்ந்துகொள்ள ஆள் உண்டு.'"

"எப்பவும். எங்கம்மா."

இருபத்தெட்டு கேள்விக்கும் 'எப்பவும்'. ஒரு தடவையாவது உதட்டைப் பிதுக்காத இருபது வயசுப் பெண்ணைப் பெலிசா பார்த்ததில்லை. பரீட்சை எழுதுகிற பிள்ளைதான் இப்படி எல்லாவற்றுக்கும் நல்ல பதிலைச் சொல்லும்.

அப்புறம் பலகையை விரித்தாள். உயரம் பார்க்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கீழே முழங்கால் போட்டுக் குதிகால் இரண்டையும் பலகையோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். மற்றவர் தலைமேல் கட்டையை இறக்கி எண்ணைப் படிக்க வேண்டும். முதல் நாளிலிருந்தே இந்த வீட்டில் குதிகால் பிடிப்பது நெனிதாதான். எட்டு வயதில் ஜோவலின் கூச்சம் தாங்காமல் நெளிவாள். "அசையாதடி, அளவு தப்பாப் போயிடும்" என்று நெனிதா அதட்டுவாள். மூன்று சுற்றும் அப்படித்தான் நடந்தது.

இன்றைக்கும் நெனிதா மண்டி போட்டாள். பெலிசா கட்டையை இறக்கப்போனவள் கீழே பார்த்தாள்.

"நெனிதா, விரலை எடு."

"எந்த விரலை?"

"குதிகாலுக்கு அடியில வச்சிருக்கியே, அந்த ரெண்டு விரலையும்."

நெனிதா விரலை உருவிக்கொண்டாள். நூற்று நாற்பத்தொன்பது புள்ளி எட்டு. விதிப்படி மறுபடியும் பார்த்தாள். அதே எண்தான். கையடக்கக் கணினியில் போட்டதும் கட்டம் சிவப்பாகிவிட்டது. பதினாலு வயதில் இவள் உயரம் நூற்று ஐம்பத்திரண்டு புள்ளி ஆறு.

பெலிசா கணினியைக் கவிழ்த்து வைத்தாள். சாப்பாட்டு நேரமும் ஆகியிருந்தது. சோளக்குருணைச் சோறு, சுட்ட மீன், தென்னங்கள் காடியில் நறுக்கிப்போட்ட மிளகாய். ஏமோங் கரையேறி வந்து தட்டில் குனிந்தபடி சாப்பிட்டான். மீனின் பாதியைப் பிய்த்துப் பெலிசாவின் தட்டில் வைத்தாள் நெனிதா.

"நெனிதா," என்றாள் பெலிசா, முள்ளை ஒதுக்கிக்கொண்டே. "இருபது வயசுல எந்தப் பொண்ணாவது சுருங்குவாளா?"

"கயிறு கட்டிக் கட்டிக் கூன் விழுந்திருக்கும் மேடம்."

"மூணு சென்டிமீட்டருக்கா?"

"உப்புத் தண்ணியிலயே கெடக்கோம்ல. துணியே சுருங்குது."

அந்தப் பெண் வாயில் சோற்றோடு பக்கென்று சிரித்துவிட்டாள். புரையேறி, இருமி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் ரிஸா, மேடம். சின்னவ. எனக்குப் பதினேழுதான்" என்றாள்.

"மூடுடி வாயை!"

"விடு நெனிதா," என்றான் ஏமோங். "நான் அப்பவே சொன்னேன். பெட்டிக்கு முன்னால பொய் நிக்காது."

பெலிசா தட்டைக் கீழே வைத்தாள். "அப்ப போன சுற்றுல போன்ல பேசினது?"

"அதுவும் நான்தான்," என்றாள் ரிஸா.

பெலிசாவுக்குச் சுருக்கென்றது. அந்தத் தாளின் ஓரத்தில் 'தெளிவான பேச்சு, படிப்பில் நாட்டம், குடும்ப ஆதரவு நன்று' என்று தன் கையாலேயே எழுதியிருந்தாள்.

"எதுக்கு இது? அரிசிக்கா?"

நெனிதாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "அஞ்சு கிலோ அரிசிக்கா நான் பெத்த பொண்ணோட பேரை மாத்துவேன்? நீங்களே சொல்லுங்க மேடம். நாங்க பாசி போடுறப்ப பத்துக் கயித்துக்கு ஒரு கயித்துல சிவப்புத் துணி கட்டுவோம். வாரா வாரம் அதைத்தான் தூக்கி நிறுத்துப் பாப்போம். கடைசியில நல்லா வந்திருந்தா அதை மட்டும் விதைக்குன்னு தனியா எடுத்துக்குவோம். நிறுத்துப் பாத்ததை யாராச்சும் சும்மா விடுவாங்களா? நீங்களும் பன்னெண்டு வருஷமா நிறுத்து, அளந்து, எழுதிட்டுப் போறீங்க. இதுதான் கடைசி அளவுன்னு வேற சொன்னீங்க. நல்லா வந்திருக்கிற புள்ளைங்களைக் காலேஜுக்கோ வேலைக்கோ எடுத்துக்குவீங்கன்னு நெனச்சேன். பெரியவ இடம் வீணாப் போகுதேன்னு சின்னவளை நிறுத்தினேன். அது தப்பா?"

"நாங்க யாரையும் எடுக்கிறதில்ல நெனிதா. எழுதிக்குவோம். அவ்வளவுதான்."

"எழுதி?"

"எழுதினதைப் படிப்பாங்க."

"படிச்சு?"

இதற்கு அலுவலகத்தில் ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பெலிசா அதைச் சொன்னாள். "எதிர்காலத் திட்டங்களுக்கு உதவும்."

"யாரோட எதிர்காலத்துக்கு?" என்றாள் நெனிதா. நக்கலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பெலிசாவுக்கு வெட்கமாக இருந்தது.

"ஜோவலின் எங்க?"

ஏமோங்தான் ஆரம்பித்தான். அவளுக்குப் பதினாறு வயதில், பாசி ஒரு வருஷம் முழுக்க அழிந்தபோது, நெனிதாவின் ஒன்றுவிட்ட அக்கா மூலம் செபுவில் ஒரு வீட்டுக்கு வேலைக்கு அனுப்பினார்கள். நாலாவது மாதம் அந்த வீட்டு அம்மாளின் தோடு காணாமல்போனது. பழி ஜோவலின் மேல். அவள் அழுதுகொண்டே தாய்க்குப் பேசினாள்.

"நான் என்ன சொன்னேன் தெரியுமா?" என்று நெனிதா குறுக்கிட்டாள். "'போய் அவங்க கால்ல விழுந்து மன்னிப்புக் கேளு. இல்லன்னா இந்த வாசப்படி மிதிக்காத'ன்னேன். எங்கக்கா மானம் போகுதேன்னு எனக்குக் கோவம். அன்னிக்கு ராத்திரியே அந்த வீட்டை விட்டுப் போயிட்டா. அப்புறம் ஒரு பேச்சில்ல."

"தோடு?"

"ஒரு வருஷம் கழிச்சுக் கட்டில் இடுக்குல கெடந்துச்சாம். எங்கக்கா வந்து சொன்னா." நெனிதா நாரை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். "சொல்லி மூணு வருஷமாச்சு. என்ன மூஞ்சியை வச்சுக்கிட்டுத் தேடிப் போறது? நீங்க எழுதிடுங்க மேடம். ஆள் கெடைக்காட்டி என்ன எழுதுவீங்களோ அதையே எழுதிடுங்க."

பெலிசா கணினியை எடுத்தாள். எடுத்தவளுக்கு அந்த இரண்டு சொல்லை எழுத மனம் வரவில்லை. தன் பெருமைக்காகவும்தான், அந்தப் பெண்ணுக்காகவும்தான். எட்டு வயதில், "பெரியவளானா பெட்டியை நானே தூக்கிட்டு வருவேன்" என்று சொன்ன பிள்ளை அது.

"அறுந்ததுன்னு எழுதாதீங்க மேடம்," என்றாள் ரிஸா. "என்கிட்ட நம்பர் இருக்கு."

நெனிதா சின்ன மகளை ஏறிட்டுப் பார்த்தாள். "எப்பலேருந்து?"

"அக்கா போன ரெண்டாவது வாரத்துலேருந்து. என் ஸ்கூல் ஷூ யாரு வாங்கினான்னு நெனச்ச?"

"டீச்சர் குடுத்தாங்கன்னியே!"

"டீச்சருக்கு என் கால் அளவு எப்படித் தெரியும்மா?"

"கேட்டியாய்யா, நாலு வருஷமா என் வீட்டுக்குள்ளேயே கள்ளக்கடத்தல் நடந்திருக்கு" என்று நெனிதா புருஷனிடம் திரும்பினாள். அவன் மீன் முள்ளைப் பூனைக்குப் போட்டுக்கொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் இவனுக்கும் தெரியும் என்பது அவளுக்கு விளங்கிவிட்டது.

தீவில் தொலைபேசிக்குச் சமிக்ஞை ஒழுங்காகக் கிடைக்கிற இடம் கடலுக்குள் நீண்ட கல்தடுப்பின் முனை ஒன்றுதான். பெலிசா எழுந்தபோது நெனிதாவும் எழுந்தாள்.

"நீ வரக்கூடாது."

"சத்தம் காட்டாம தள்ளி நிக்கிறேன்."

"கூடாது நெனிதா. அவ சொல்றதை நான் மட்டும்தான் கேக்கணும். கட்டினவனா இருந்தாலும் பெத்தவளா இருந்தாலும் கூடாது. அந்த நம்பிக்கையிலதான் புள்ளைங்க எங்கிட்ட வாயைத் திறக்குதுங்க."

நெனிதா உட்கார்ந்துவிட்டாள்.

ஜோவலினின் குரல் தடித்திருந்தது. விஷயத்தைக் கேட்டதும் நீளமாகச் சிரித்தாள். "போன தடவை நான் என்னென்ன சொன்னேன் மேடம்? ஸ்கூல்லதான் படிச்சிட்டிருந்தேனா?"

"வகுப்புல மூணாவது ரேங்க்."

"பரவால்லையே. ரிஸா கஞ்சத்தனம் பண்ணல."

பிறகு பெலிசா கேட்டாள், அவள் சொன்னாள். முதல் மூன்று நாள் துறைமுகத்துக் காத்திருப்புக் கூடத்தில் படுத்தது, ரொட்டிக்கடையில் தட்டுக் கழுவச் சேர்ந்து இப்போது மாவு பிசைவது, விடிவதற்கு முன்னால் எழுவது, மூன்று வேளையும் சாப்பிடுவது. யாராவது அடித்தார்களா என்ற கேள்விக்கு, "முதல் வீட்ல" என்றாள். நிமிர்வேன் என்ற கேள்விக்கு, "அதென்ன மேடம் நிமிர்றது? மாவு பொங்கறதுக்கு முன்னால எந்திரிச்சாகணும், எந்திரிக்கிறேன். எதையாச்சும் எழுதிக்குங்க" என்றாள். மனக்கஷ்டத்தைப் பகிர்ந்துகொள்ள ஆள் உண்டா என்ற கேள்வியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். பெலிசா மறுபடி படித்தாள். கடைசியில் வந்த பதிலை அவள் எழுதிக்கொண்டாள்.

ஐம்பது நிமிஷம் ஆனது. வீட்டடியில் நெனிதா கயிறு கட்டிக்கொண்டே முனையைப் பார்த்தபடி இருந்தாள். காற்று எதிர்த்திசை. ஒரு சொல்லும் வந்துசேராது. பெலிசாவின் தலை ஆடுவது மட்டும் தெரிந்தது. நீர் ஏறிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தவளிடம் நெனிதா நிமிராமலே கேட்டாள். "என்ன சொன்னா?"

"சொல்லக்கூடாது."

"நல்லாருக்காளான்னு மட்டும்."

"கூடாது."

"அழுதாளா?"

"நெனிதா."

"நான் பெத்தவ மேடம்!"

"அதனாலதான் கூடாது."

நெனிதா பற்களால் நாரைக் கடித்து அறுத்தாள். அடுத்த முடிச்சு சரியாக விழவில்லை. பிரித்துவிட்டு மறுபடி கட்டினாள். பெலிசா பலகையை மடக்கி வாரைப் பூட்டினாள். பன்னிரண்டு வருஷத்தில் அவள் ஒரு விதியையும் மீறியதில்லை. இன்றைக்கும் மீறுவதாக இல்லை. ஆனால் விதியில் இல்லாத இடம் என்று ஒன்று இருக்கிறதே.

"கேள்வித்தாள்ல இல்லாத ஒண்ணும் பேசினோம்," என்றாள். "அதைச் சொல்லலாம்னு நெனக்கிறேன்."

நெனிதாவின் கை நின்றது.

"உயரம் நேர்லதான் பாக்கணும். வெள்ளிக்கிழமை போறேன். குதிகால் பிடிக்க ஆபீஸ்ல இருந்து ஒரு ஆளைக் கூட்டிட்டு வரட்டுமான்னு கேட்டேன். 'வேத்தாள் யாரும் என் காலைத் தொட வேணாம். எப்பவும் யார் பிடிப்பாங்களோ அவங்களே பிடிக்கட்டும்'னா."

ரிஸா வாயைப் பொத்திக்கொண்டாள். நெனிதா வெளுத்த பாசிக் குவியலைப் பார்த்தாள். பிறகு கடலைப் பார்த்தாள். மேல்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "கப்பல் எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், அடுப்புகள் அணைந்து கிடந்த நேரத்தில், ரொட்டிக்கடையின் பின்கட்டில் மாவு மூட்டைகளுக்கு நடுவே இடம் ஒதுக்கிக்கொடுத்தார்கள். பலகையைத் துறைமுகத்திலிருந்து நெனிதாதான் சுமந்து வந்தாள். பெலிசா கேட்டும் தரவில்லை. தோளில் வார் பதிந்து சிவந்திருந்தது. கையில் கருவாட்டுப் பொட்டலம்.

ஜோவலின் முழங்கை வரை மாவோடு வந்து நின்றாள். தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் முதல் வார்த்தை தெரியவில்லை. பெலிசா தனக்குத் தெரிந்ததைச் சொன்னாள்.

"செருப்பைக் கழட்டு. முதுகு ஒட்டட்டும். நேரா பாரு. குதிகால்."

நெனிதா சிமென்ட் தரையில் மண்டி போட்டு இரண்டு குதிகால்களையும் பிடித்தாள். வெடித்து, மாவு படிந்து, நாள் முழுக்க நின்று தேய்ந்த குதிகால்கள். பெலிசா கட்டையை இறக்கினாள்.

"நூத்தம்பத்தி நாலு புள்ளி ஒண்ணு. ரெண்டாவது தடவை பாக்கணும், அசையாதீங்க."

"தோடு அவங்க வீட்லயேதான் இருந்துச்சாம்," என்றாள் நெனிதா, தரையைப் பார்த்தபடி.

"தெரியும்மா. ரிஸா சொன்னா."

"எனக்கும் தெரியும். மூணு வருஷமா தெரியும். வந்திருக்கணும். வரல. தப்பு என் மேலதான்."

ஜோவலின் சொன்னபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் கன்னத்து மாவில் கோடு போட்டுக்கொண்டு இறங்கியது. அளவெடுக்கும்போது தலையைக் குனியக்கூடாது என்று அவளுக்கு எட்டு வயதிலிருந்தே தெரியும்.

"நூத்தம்பத்தி நாலு புள்ளி ஒண்ணு," என்றாள் பெலிசா. இரண்டு அளவும் ஒத்துப்போய்விட்டால் மூன்றாவது தேவையில்லை. விதியில் அப்படித்தான் இருக்கிறது. நெனிதா எழுந்திருக்கவில்லை. பிடித்த பிடியை விடவும் இல்லை.

பெலிசா கட்டையை மறுபடி மேலே தூக்கினாள். "எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடலாம்" என்றாள்.

"கூசுதும்மா," என்றாள் ஜோவலின்.

"அசையாதடி," என்றாள் நெனிதா. "அளவு தப்பாப் போயிடும்."